இரு பெயர் எழுதிய படகு

பிளான்டயர்
அக்டோபர் 19

ஃபலேசி அக்கா,

‘போனில் பேசினால் நீதான் ஜெயிக்கிறாய், இனிமேல் பேசமாட்டேன்’ என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நாம் பேசவே இல்லை. ஆகவே எழுதுகிறேன். பங்குலா மினிபஸ் ஓட்டுநர் இதை உங்கள் கையில் தருவார்.

லிலோங்வேயில் ஒரு கூட்டம். நமக்கு இத்தனை வருடமாகப் பணம் தந்தவர்கள் இனி தனி அமைப்பு எதற்கும் தரமாட்டார்களாம். இரண்டிரண்டாகச் சேர்ந்து வரவேண்டும். அதைச் சொன்ன பெண் நல்லவள். சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு தேநீர்.

அந்தத் தேநீர் வேளையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேனீ வளர்ப்பவர்கள் கண் மருத்துவக்காரர்களைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்கூடத்தில் ஜோடி சேர்ந்து வரிசையில் நிற்கச் சொன்னால், யாரும் கூப்பிடாத பையன் ஒருவன் இருப்பானே. எல்லோர் முகத்திலும் அவன் இருந்தான். ஒருவர் என் தோளைத் தொட்டார். "உங்ககிட்ட படகு இருக்காமே. எங்ககிட்ட நாடகக் குழு இருக்கு. சேந்துக்கலாமா?" கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

நின்றபோது உங்கள் வீடு நினைவுக்கு வந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் அந்தத் தகரக் கூரை. வாசலில் பொகோனா, படுக்க ஓரிடம், என்று எழுதிய பலகை. அக்கரைப் பெண்கள் பேறுகாலம் நெருங்கும்போது வந்து காத்திருக்கும் வீடு. அவர்களை ஷிரே ஆற்றைக் கடத்திவிடும் படகு என்னிடம். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே அமைப்பாக இருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் மூடிவிட்டுப் போனபோது நீங்கள் வீட்டை வைத்துக்கொண்டீர்கள். நான் படகை.

மார்ச்சோடு உங்கள் பணம் முடிகிறது. என்னுடையதும்.

சேர்வோமா? இதை இன்னும் அழகாகக் கேட்கலாம். களைப்பாக இருக்கிறது.

கும்போ


பங்குலா
அக்டோபர் 27

கும்போ,

‘நான் படகை’ என்று எழுதி நிறுத்திவிட்டாய். மிச்சத்தை நான் எழுதித் தருகிறேன். நான் படகை எடுத்துக்கொண்டு பிளான்டயரில் அலுவலகம் போடப் போய்விட்டேன். எழுதிப் பார், கை ஒன்றும் முறிந்துவிடாது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெண்கள் பகல் முழுக்க ஈரத்துணியை விரித்துச் சிமெண்டுத் தரையில் கிடக்கிறார்கள். சாயங்காலம் எழுந்து சோளமாவில் ந்சிமா கிண்டுகிறார்கள், தொட்டுக்கொள்ளக் கருவாடு. நேற்று ஒருத்தி கேட்டாள், "இந்த வூட்ட மூடப்போறாங்களாமே, நெசமாம்மா?" யார் சொன்னது என்றேன். "அடிபம்புல பேசிக்கிட்டாங்க." லிலோங்வேயில் உனக்குத் தேநீர் கொடுத்துச் சொன்னது எங்கள் அடிபம்புக்கு உன் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது.

மூடினால் மருத்துவமனை வராந்தாவில் படுப்பார்கள். அல்லது வரவே மாட்டார்கள். மழை பிடித்து ஆறு ஏறிய பிறகு வலி எடுத்தால் யார் வரமுடியும்? இதை நீ விண்ணப்பத்தில் நன்றாக எழுதுவாய். எனக்கு அப்படி எழுத வராது. இருபது முறை எழுதி அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நம் துயரத்தைப் புதிதாகச் சொல்லவேண்டும், பழைய வார்த்தை செல்லாது.

ஒன்று கேட்கிறேன். உன் படகுக்காரன் லேசோனி பெண்களைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறான். பாய், பானை, வயிறு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வெயிலில் நடக்கிறார்கள். ஏனப்பா என்றால், "எங்க வேல தண்ணி வரைக்கும்தாம்மா, அப்புறம் உங்க வேல" என்கிறான். அவன் வாயில் உன் குரல் கேட்டது.

கூட்டாளி என்றால் எங்கள் பக்கம் ஒரே தட்டில் கை வைப்பவன். உங்கள் மேட்டு நாட்டில் என்ன அர்த்தமோ தெரியாது.

சேர்கிறேன். ஆசையினால் இல்லை. யார் பெயர் முதலில் என்று மட்டும் சொல்லு.

ஃபலேசி


பிளான்டயர்
நவம்பர் 6

அக்கா,

லேசோனியிடம் சொல்லிவிட்டேன். இனி வீட்டுவாசல் வரை மூட்டையைத் தூக்கி வருவான். வாசல் வரைதான். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்ற உங்கள் விதி எனக்கு நினைவிருக்கிறது. அந்த வீட்டின் உள்பக்கத்தைப் பார்க்காமலே அதைப் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது. பாய்கள், சுவர், சமையல் கொட்டகை, எல்லாம் உங்கள் பழைய அறிக்கைகளிலிருந்து எடுத்தவை.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டுமாம். அறையில் வேண்டாம், மக்கள் மத்தியில். நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, அக்கரையில் சிதெம்பா படகுத்துறை. ஊர்த்தலைவர் சம்மதித்துவிட்டார். பெண்கள் பாடி ஆடுவார்கள். விருந்தினர்கள் படகில் ஏறி ஒரு சுற்று வருவார்கள். படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்து இரண்டு அமைப்பின் பெயரையும் எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பெயர். அது அவர்கள் சொன்னது, நான் கேட்டதில்லை. பெரிய அமைப்பு முன்னால் இருந்தால் கணக்குப் பார்க்க வசதியாம்.

நேற்று அலுவலகத்தில் இதைத் தட்டச்சு செய்துகொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது திரையில் ஒரே எழுத்து பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற பக்கங்களைவிட அது மோசமாக இல்லை.

கும்போ


பங்குலா
நவம்பர் 15

கும்போ,

முதலில் உன் பெயர் வரட்டும். அதற்கு நான் சண்டை போடப்போவதில்லை.

ஆனால் நேற்று படகைப் பார்த்தேன். உன் பெயர் காளை மாதிரி நிற்கிறது. என் பெயர் அதன் பின்னால் ஆட்டுப் புழுக்கை மாதிரி. துறையில் நின்ற பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். "என்னம்மா, கட்டிக்கிட்டவன் பேரு பெருசு, வாழ வந்தவ பேரு சிறுசா?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கவேண்டும். அழித்து எழுது. இல்லையென்றால் கையெழுத்துப் போட வரமாட்டேன். சின்ன விஷயம் என்று நினைப்பாய். சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் எதிலும் என்னை யாரும் கேட்பதில்லை.

இங்கே முதல் மழை பெய்துவிட்டது. சிதெம்பாவிலிருந்து வந்திருந்த ஏனெட்டி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு இது இரண்டாவது. முதலாவது உயிரோடு இல்லை. இருந்துவிட்டுப் போடி என்று வாசலில் மறித்தேன். "சோளம் வெதச்சுட்டு ஓடியாந்துடறேம்மா. மழைய விட்டா வருசம் போயிடும். அதான் படகு இருக்கே." அவள் சொன்னதில் தப்பு என்ன? மழையும் காத்திருக்காது, வயிறும் காத்திருக்காது.

எழுத்தை மாற்றச் சொல்லிவிட்டுப் பதில் போடு.

ஃபலேசி


பிளான்டயர்
நவம்பர் 25

அக்கா,

மாற்றச் சொல்லிவிட்டேன். பக்கவாட்டு முழுவதையும் சுரண்டி, திரும்ப நீலம் அடித்து, திரும்ப எழுதவேண்டும். பெயிண்டர் முணுமுணுக்கிறார். இந்த ஈரக்காற்றில் சீக்கிரம் காயாதாம். காயும்வரை யாரையும் ஏற்றாதே, வெள்ளிக்கிழமை விருந்தினர்கள் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று லேசோனியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் படகை மேட்டில் இழுத்துக் கட்டிவிட்டான்.

இரண்டு பெயரும் ஒரே அளவு. அடிமட்டம் வைத்து அளந்து எழுதச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பார்ப்போம். உங்கள் நல்ல சித்தென்ஜேத் துணியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். புகைப்படம் எடுப்பார்கள்.

கும்போ


பிளான்டயர்
நவம்பர் 29

அக்கா,

நீங்கள் வரவில்லை.

வரமுடியாமல் போயிருந்தால் நான் இதை எழுதமாட்டேன். நீங்கள் அக்கரையில்தான் இருந்தீர்கள். விடியற்காலையில் மரத்தோணியில் வந்து இறங்கியதை லேசோனி பார்த்திருக்கிறான். துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு வராமல் இருந்தீர்கள்.

நாற்காலிகள் போட்டாகிவிட்டது. ஜெனரேட்டர் ஓடுகிறது. மேசைமேல் ஒப்பந்தம், காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு மாம்பழம். லிலோங்வேப் பெண் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு மரியாதை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆடுவதற்குச் சின்னப் பெண்கள் மட்டும் வந்தார்கள். பெரிய பெண்கள் ஒருவரும் இல்லை. தலைவரிடம் கேட்டேன். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அவங்களுக்கு வேல இருக்கு" என்றார். என்ன வேலை என்றேன். "பொம்பளைங்க வேல. நீங்க பாட்டப் போடச் சொல்லுங்க." ஊரில் சாவு ஏதும் உண்டா என்று முதல் நாளே கேட்டுவைத்திருந்தேன். அந்த அளவு எனக்கும் தெரியும். சாவு விழுந்த ஊரில் கூட்டம் போடும் மடையன் இல்லை நான். பறை இல்லை, அழுகை இல்லை, ஆண்கள் எல்லோரும் துறையில் நின்றார்கள்.

நீங்கள்தான் அவர்களை வரவிடாமல் பிடித்துவைத்தீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்தின் அளவுக்காகவா? அதைத்தான் மாற்றிவிட்டேனே.

என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம். அதையும் புகைப்படம் எடுத்தார்கள்.

வீட்டை மூடவேண்டும் என்றால் சொல்லிவிட்டு மூடுங்கள். என்னை ஏன் நிற்கவைத்தீர்கள்?

கும்போ


பங்குலா
டிசம்பர் 3

கும்போ,

இதை ஆணிடம் சொல்லும் வழக்கம் இல்லை. நானும் இதுவரை சொன்னதில்லை. வாயால் சொல்லவும் மாட்டேன். எழுதுவது சொல்வதாகுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பிறந்த உடனே போய்விடும் பிள்ளைக்குப் பறை கிடையாது. ஆண்களுக்குச் சொல்லியனுப்புவதும் கிடையாது. தகப்பன்கூட வரமாட்டான். இன்னும் பெறாத பெண்களும் வரக்கூடாது. பெற்று முடித்த பெண்கள் நாங்கள் சிலபேர் எடுத்துக்கொண்டு போய் ஈரமண் பார்த்து வைத்துவிட்டு வருவோம். அழக்கூடாது. அழுதால் அடுத்தது தங்காது என்பார்கள்.

வெள்ளிக்கிழமை அதுதான் எங்கள் வேலை. ஏனெட்டியின் பிள்ளை. ஆண்.

விதைத்து முடித்துவிட்டு வியாழக்கிழமை அந்திப்பொழுதில் துறைக்கு வந்திருக்கிறாள். இடுப்பில் லேசாக வலி. படகு மேட்டில் கட்டியிருந்தது. லேசோனி கையைப் பிசைந்திருக்கிறான். "பெயிண்ட் ஈரமா இருக்குக்கா. நாளைக்கு வெள்ளக்காரங்க ஏறுற வரைக்கும் தொடக்கூடாதுன்னு உத்தரவு. காலையில வந்துருங்க, மொத ஆளா ஏத்திக்கிறேன்." நீர்யானைகள் மேய வரும் நேரத்தில் எந்த மரத்தோணியும் போகாது. திரும்பி நடந்தாள். வீடு போய்ச் சேரவில்லை. வழியில், சோளக்காட்டு ஓரத்தில்.

படகு போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. கொடி சுற்றியிருந்தது. இந்த வீட்டில் இருந்தபோதும் பிள்ளைகள் போயிருக்கின்றன.

உங்கள் ஜெனரேட்டர் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு பாட்டு. நாங்கள் அழக்கூடாதே, அதனால் பாட்டு முழுக்கக் கேட்டது. சின்னப் பெண்கள் நன்றாகத்தான் பாடினார்கள். இரண்டு அமைப்பும் கைகோத்தது என்று ஒரு வரி வரும்போது, பக்கத்தில் இருந்த கிழவி என் முகத்தைப் பார்த்தாள்.

லேசோனியைத் திட்டாதே. உத்தரவு உன்னுடையது. பெயிண்ட் என்னுடையது. ஆட்டுப் புழுக்கை என்று எழுதியவள் நான். முதலில் எழுதியிருந்தபடியே விட்டிருந்தால் அது எப்போதோ காய்ந்திருக்கும்.

எழுதி முடித்துவிட்டேன். இதற்குமேல் இதைப் பற்றிக் கேட்காதே.

ஃபலேசி


பிளான்டயர்
டிசம்பர் 9

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவனாக இருந்தேன்.

கேட்காதே என்றீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வந்து என்ன செய்யவேண்டும்? பெரிய சாவென்றால் மாவு கொண்டுபோகலாம், சாவு வீட்டுச் சோற்றில் பங்குகொண்டு ஆண்களோடு நெருப்பருகே உட்காரலாம். இதற்கு எங்கே உட்காருவது?

லிலோங்வேயிலிருந்து எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துக்கு மாத முடிவு வரை நேரம் தருகிறார்கள். கூடவே ஒரு குறிப்பு. விழாவில் பெண்களின் பங்கேற்பு குறைவாக இருந்தது, அடுத்த காலாண்டில் அதைக் கூட்டுவதற்கு என்ன திட்டம் என்று விளக்கவும்.

அதன் கீழே பதில் எழுத ஒரு பெட்டி. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான் விலகிக்கொள்கிறேன். படகை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஒருவரோடு சேருங்கள். உங்கள் பெயர் மட்டும் எழுதுங்கள், அல்லது எதுவும் எழுதாதீர்கள்.

கும்போ


பங்குலா
டிசம்பர் 20

கும்போ,

ஆண்கள் உட்கார இதற்கு இடமில்லை. செய்வதற்கும் ஒன்றும் இல்லை. நீ அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

விலகுகிறானாம். நீ விலகினால் உனக்கு லேசாகிவிடும். எனக்கு மார்ச்சில் கதவைச் சாத்தவேண்டும். வேறு ஒருவரோடு சேருங்கள் என்கிறாய், யாரோடு? நாடகக் குழுவோடா?

ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. பேனாவை எடுத்தால் அந்தப் பாட்டு காதில் வருகிறது. அதனால் சிதெம்பாவுக்குப் போனேன். இதில் சொல்ல உரிமை உள்ளவள் ஒருத்திதான்.

ஏனெட்டி களை பறித்துக்கொண்டிருந்தாள். சோளம் முழங்கால் உயரம். மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், இன்னும் பால் வற்றவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். எழுத்தின் அளவைப் பற்றியும் சொன்னேன். குனிந்தபடியே கேட்டாள். கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

நிமிர்ந்தாள். கோபம்தான். "எங்கிட்ட எதுக்கும்மா கேக்குறீங்க? நான் வேணாம்னா உங்க மனசு ஆறும், சரின்னாலும் உங்க மனசு ஆறும். எனக்கு அதுல என்ன இருக்கு?"

திரும்பவும் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினாள்.

"எந்தங்கச்சி மாசமா இருக்கா. புது வருசம் பொறந்ததும் ஆறு ஏறிடும். படகு வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க."

வரும் என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. என்னையும்தான். பெட்டியில் எதை வேண்டுமானாலும் எழுதி நிரப்பு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கேட்கத் தெரியவில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. எந்த விருந்தாளி வந்தாலும் படகு காத்திருக்காது. அவர்கள் காத்திருக்கட்டும்.

ஃபலேசி


சிதெம்பா படகுத்துறை
ஜனவரி 12

அக்கா,

ஊர்ப் பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். பிளான்டயர் அலுவலகத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மழைக்காலம் முடியும்வரை இங்கே லேசோனியின் தம்பி வீட்டில் தங்கியிருக்கிறேன். யாரும் வரச்சொல்லவில்லை. கொசு அதிகம்.

லேசோனியின் அடுத்த நடையில் இதை அனுப்புகிறேன். காலையில் உங்கள் வாசலுக்கு வந்தவளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏனெட்டியின் தங்கை. கூடத் துணைக்கு ஏனெட்டி.

ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது. ஊரில் என்னோடு பேச்சுக் குறைவு. தலைவர் பேசுகிறார், அவர் எல்லோரோடும் பேசுவார். பெண்கள் நான் நிற்கும் பக்கம் பார்ப்பதில்லை. தண்ணீர் எடுக்க வரும்போது பாட்டு நின்றுவிடுகிறது. நான் தள்ளிப் போனதும் திரும்பத் தொடங்குகிறது. இதற்குப் பழகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

இன்று காலை இருவரும் துறைக்கு வந்தார்கள். லேசோனி மோட்டாரின் கயிற்றை இழுத்தான். தங்கை ஏறிவிட்டாள். ஏனெட்டி தண்ணீரில் நின்றாள், தலையில் பாய், இரண்டு கையிலும் பானை. படகு ஆடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. லேசோனி பின்னால் இருந்தான். பக்கத்தில் நான் மட்டும்.

என்னைப் பார்த்தாள். யார் என்று அவளுக்குத் தெரியும்.

"சும்மா நிக்கிறீங்களே," என்றாள். "பானையப் புடிங்க."

பிடித்துக்கொண்டேன்.

கும்போ